இரண்டு முறை நீட்டிய நாக்கு

நான் கப்பலில் வேலை பார்த்தவன் என்று தெரிந்தால் போதும், எத்தனை ஊர் பார்த்தாய் என்று கேட்பார்கள். நிறைய ஊர்களின் துறைமுகச் சுவர்களைப் பார்த்திருக்கிறேன் என்பேன். வேடிக்கைக்குச் சொல்வதாக நினைத்துச் சிரிப்பார்கள். வேடிக்கை இல்லை. நான் கலாசி. மேல்தளத்தைக் கழுவுவதும் கயிறு இழுப்பதும் பித்தளை தேய்ப்பதும்தான் என் வேலை. ஊர் பார்க்கிறவர்கள் எங்கள் தலைக்கு மேலே இருந்தார்கள்.

முப்பதுகளின் தொடக்கத்தில் அந்தக் கப்பல் உலகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. சரக்கும் கிடையாது, தபாலும் கிடையாது. ஏறியிருந்தவர்கள் அத்தனை பேரும் பணக்கார வெள்ளைக்காரர்கள். அவர்களுக்குச் சொந்த ஊர் இருந்தது, அதில் வீடு இருந்தது, வீட்டில் நல்ல நாற்காலியும் இருந்திருக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு நான்கைந்து மாதம் கப்பல் நாற்காலியில் சாய்ந்து கடலைப் பார்த்துவிட்டு, புறப்பட்ட இடத்திலேயே போய் இறங்குவதற்காக ஏறியிருந்தார்கள். மதராஸில் எங்கள் ராயபுரம் குப்பத்தில் கடலுக்குப் போனவன் வெறுங்கையோடு கரையேறினால் பெண்டாட்டிகூட முகம் கொடுத்துப் பேசமாட்டாள். இவர்கள் வெறுங்கையோடு திரும்புவதற்கென்றே போனார்கள். முதல் மாதம் எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

விடிகிறபோதே மணல் தூவி, பாதித் தேங்காய் மட்டையால் பலகைகளைத் தேய்த்துக் கழுவுவோம். துரைகளும் துரைசானிகளும் எழுந்து வருவதற்குள் பலகை காய்ந்திருக்கவேண்டும். பிறகு வெயில் திரும்பத் திரும்ப நாற்காலிகளை நிழலுக்கு நகர்த்தவேண்டும். நடுத்தளத்தில் கித்தானால் ஒரு தொட்டி கட்டி அதில் கடல் தண்ணீரை நிரப்பினோம். அவர்கள் அதில் இறங்கிக் குளித்தார்கள். "சுத்தி இம்மாம் கடல் கீது, ஒரு தொட்டி கடலை மேல ஏத்தி அதுல குளிக்கிறாங்க பாரு" என்று என் சிநேகிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்போது அவர் வயிற்றைப் பிடித்தது சிரிப்புக்காகத்தான்.

அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். சுற்றி வளைக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது.

அந்தக் கப்பலில் எங்கள் குப்பத்து ஆட்கள் இரண்டே பேர், அவரும் நானும். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அண்ணாத்தே என்று கூப்பிடுவேன். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு வலை காயப்போடும் இடம்தான். இரண்டு பேரும் கட்டுமரத்தில் வளர்ந்து, மீன் படாத ஒரு வருஷத்தில் பம்பாய்க்குப் போய்க் கப்பலில் சேர்ந்தோம். அவருக்கு எழுத்து தெரியாது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பு படித்தவன், இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிப்பேன். அதனால் என்னைப் பெரிய பண்டிதன் என்று நினைத்திருந்தார். நானும் அப்படியே நினைத்திருந்தேன்.

பயணிகளின் சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே ஒரு பலகையில், எந்தத் தேதி எந்தத் துறைமுகம் என்று அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். கொழும்புக்கு அடுத்த வரி மதராஸ். இரண்டு நாள் நிற்கும், பயணிகள் மகாபலிபுரம் போய்வருவார்கள் என்று போட்டிருந்தது. அந்தப் பக்கம் பித்தளை தேய்க்கப் போகும்போதெல்லாம் அண்ணாத்தே அந்த வரியில் விரலை வைத்து, "இதானே?" என்பார். இதுதான் என்பேன். ஏடன் துறைமுகத்தில் எனக்கு வீட்டிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. பெண் பிறந்திருக்கிறது, மூக்கு அப்படியே உங்கள் மூக்கு என்று என் மனைவி யாரையோ வைத்து எழுதியிருந்தாள். எனக்கு அந்த மூக்கைப் பார்க்கவேண்டும். பத்து மாதமாக ஊர்க் கரையில் கால் வைக்காதவனுக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை.

கொழும்புக்கு முந்தின நாள் அண்ணாத்தேக்கு வயிற்றுவலி வந்தது. முதலில் தொப்புளைச் சுற்றி என்றார். பிறகு வலது பக்கம் கீழே இறங்கியது. சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது, உடம்பு அனலாகக் கொதித்தது. எங்களுக்குச் சோறு பொங்கும் பண்டாரி, உடம்புச் சூடுதான் என்று சொல்லிக் கொஞ்சம் விளக்கெண்ணெய் கொடுத்தான். தொப்புளில் தடவிவிட்டேன். அவர் சுருண்டு படுத்தவர் நிமிரவில்லை. அவர் பங்குப் பலகையையும் நானே தேய்த்தேன்.

மறுநாள் காலை கொழும்புத் துறைமுகத்தில் நங்கூரம் போட்டதும், கலாசிகள் எல்லோரும் வரிசையில் நிற்கவேண்டும், கப்பல் டாக்டர் பார்ப்பார் என்று சொன்னார்கள். யாருக்காவது காய்ச்சல் இருந்தால் தெரிந்துகொள்ளத்தான். அந்தக் காலத்தில் கப்பலில் காய்ச்சல் என்றால் கொள்ளைநோயோ என்று நடுங்குவார்கள். காய்ச்சல்காரனைக் கரைக்கு இறக்கிவிடுவார்கள். அவனோடு ஒரே அறையில் படுத்தவர்களை அடுத்த துறைமுகத்தில் கரையிறங்க விடமாட்டார்கள்.

நான் கீழே போனபோது அண்ணாத்தே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"தம்பி, டாக்டராண்ட சொல்லிடலாமா?" என்றார். "இது சூட்டு வலி மாரி தெரியல. உள்ள என்னமோ பிச்சிக்கினு வருது."

"இன்னா அண்ணாத்தே நீ, ரெண்டே நாளு" என்றேன். "இப்ப சொன்னா உன்னை இங்கயே எறக்கிடுவாங்க. கொழும்புல உனக்கு யாரு கீறாங்க? நம்ம ஊருக்குப் பூட்டா அண்ணி கீது, பக்கத்துல குந்திப் பாத்துக்கும். ஆஸ்பத்திரிகூட வூட்டாண்டயே கீது. பல்லைக் கடிச்சிக்கினு இரு."

அவர் முழங்காலை வயிற்றோடு இறுக்கிக்கொண்டார். பிறகு, "நீ படிச்சவன், நீ சொன்னா சரி" என்றார்.

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கொழும்பில் அவருக்கு ஒருவரும் இல்லை, ராயபுரத்தில் மனைவி இருந்தாள், ஆஸ்பத்திரி இருந்தது. ஆனால் அதையெல்லாம் நான் அவருக்காகச் சொல்லவில்லை. அவருக்குக் காய்ச்சல் என்று தெரிந்தால் அவருக்குப் பக்கத்துப் படுக்கைக்காரனான என்னை மதராஸில் இறங்க விடமாட்டார்கள். கண்ணெதிரே ராயபுரம் தெரியும், நான் கப்பல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். அந்த ஒரு காரணத்துக்காகச் சொன்னேன். அப்போதே எனக்கு அது தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எத்தனையோ தரம் முயன்றிருக்கிறேன், முடியவில்லை.

மேல்தளத்தில் வரிசை நின்றது. எங்கள் தலைவரான சாரங்கு பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். கூப்பிட்டவன் "ஹாஜர்" என்று சொல்லி ஓரடி முன்னே வந்து, நாக்கை நீட்டி, இரண்டு கையையும் விரித்துக் காட்டவேண்டும். டாக்டர் நாக்கைப் பார்ப்பார், மணிக்கட்டைத் தொடுவார், தாளில் ஒரு கோடு போடுவார். முகத்தைப் பார்க்கமாட்டார். பார்த்தாலும் எங்கள் முகமெல்லாம் அவருக்கு ஒரே முகம்தான். பட்டியலில் என் பெயர் மேலே இருந்தது, அண்ணாத்தே பெயர் கடைசியில். நான் நாக்கை நீட்டிவிட்டு, உயிர்காக்கும் படகுகளுக்குப் பின்பக்கமாகச் சுற்றிப் போய், அண்ணாத்தே எப்போதும் கட்டும் சிவப்புத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வரிசையின் வாலில் போய் நின்றேன்.

அவர் பெயரைச் சாரங்கு கூப்பிட்டார். "ஹாஜர்" என்று நான் முன்னே வந்தேன். சாரங்கு என்னைப் பார்த்தார். ஒரு நொடி நின்று, பட்டியலைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவர் ஆட்கள் அத்தனை பேரும் அடைபட்டால் அவருக்கும்தான் கஷ்டம். நான் நாக்கை நீட்டினேன். சும்மா நீட்டவில்லை, நன்றாக அடித்தொண்டை தெரிய நீட்டினேன். டாக்டர் கோடு போட்டார்.

கீழே ஓடிப் போய் அண்ணாத்தேயிடம் சொன்னேன். அந்த வலியிலும் சிரித்தார். "என் நாக்கு நல்லா கீதாமா?" என்றார். "ஃபஸ்ட் கிளாஸா கீதாம்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். இத்தனை வருஷத்தில் எனக்கு மறக்காமல் இருப்பது அந்தச் சிரிப்புதான்.

கொழும்பை விட்டுக் கிளம்பி இலங்கையைச் சுற்றி வடக்கே திரும்பிய அன்று, கார்த்திகை மாதக் கடைசி, கடல் மாறியது. காற்று பெரிதாக இல்லை. ஆனால் வடகிழக்கிலிருந்து நீளநீளமாக அலை புரண்டு வந்தது. வானத்தின் அடியில் ஒரு செம்புக் கறை. கடலில் வளர்ந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தரவேண்டாம், எங்கோ புயல் கருக்கொண்டிருக்கிறது. நாற்காலிகளை மடக்கிக் கட்டச் சொன்னார்கள். கித்தான் தொட்டியைக் காலி செய்தோம். நடைவழிகளில் பிடித்துக்கொண்டு நடக்கக் கயிறு கட்டினோம். சாப்பாட்டு மேஜையில் தட்டு வழுக்காமலிருக்க விரிப்புகளைத் தண்ணீரில் நனைத்துப் போட்டார்கள். பியானோவைக்கூட மாட்டைக் கட்டுவதுபோல் தூணில் கட்டினோம்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இதைப் படிக்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். ஆனால் எங்கள் ஆட்களைக் கேட்டால் தெரியும். கட்டுமரக்காரனுக்குப் புயல் என்றால் ஒரே ஒரு பாடம்தான், கரைக்கு ஓடு. வலையை அறுத்துப் போட்டாவது ஓடு. கரையேறிவிட்டால் கட்டுமரத்தை அவிழ்த்துக் கட்டை கட்டையாக மணலில் இழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடலாம். அப்புறம் கடல் என்ன ஆட்டம் ஆடினால் என்ன? இந்தக் கப்பலும் அப்படித்தான் செய்யும், காற்று ஏற ஏறக் கரையைப் பார்த்து வேகமாக ஓடும் என்று நினைத்தேன். கொஞ்சம்கூடச் சந்தேகப்படவில்லை.

"அண்ணாத்தே, காத்து ஏறுது" என்று கீழே போய்ச் சொன்னேன். "இனிமே கப்பல்காரன் ஜல்தியா வுடுவான் பாரு. நாளைக்கி மத்தியானத்துக்குள்ள ராயபுரம்."

"கடலைப் பாத்துதான் சொல்றியா?"

"பாத்துதான் சொல்றேன்."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். அன்று அவருக்கு வலி திடீரென்று குறைந்துவிட்டதாகச் சொன்னார். எனக்கு இன்னும் தைரியம் வந்தது. உள்ளே ஏதோ வெடித்ததால்தான் வலி குறைந்தது என்று பிறகு டாக்டர் வாயால் கேட்டேன்.

மறுநாள் காலை மேல்தளத்துக்கு ஏறினேன். வானம் முழுக்க மூட்டம், ஆனாலும் விடிகிற வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரிந்தது. ராயபுரத்துக்குப் போகிற கப்பலில் காலை வெளிச்சம் வலது கன்னத்தில் படவேண்டும். அன்று நேராக மூக்கின்மேல் பட்டது. கப்பல் கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

சாரங்கிடம் ஓடினேன். அவர் என்னைச் சிறுபிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பெரிய கப்பல் புயலில் கரைக்குப் போகாது, கரையில்தான் கப்பல் சாகும், துறைமுகத்துக்குள் நிற்கிற கப்பலைக்கூடப் புயல் வந்தால் வெளியே துரத்திவிடுவார்கள், இது தெரியாதா உனக்கு என்று இந்துஸ்தானியில் கேட்டார். சிறுவயதில் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியதும் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே போவதை நான் எத்தனையோ தடவை மணலில் நின்று பார்த்திருக்கிறேன். பயந்துபோய் அவரவர் ஊர்க்கரைக்கு ஓடுகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். கடலை எனக்குத் தெரியும். கப்பலைத் தெரியாது.

பலகையில் மதராஸ் என்ற வரியின்மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டியிருந்தார்கள். வானிலை காரணமாக மதராஸ் ரத்து, கப்பல் நேராகப் பினாங்கு போகும் என்று அதில் எழுதியிருந்தது. பினாங்கு போய்ச்சேர நான்கு நாளுக்குமேல் ஆகும்.

அப்போதுதான் டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். இனி மறைத்து எனக்கு ஒரு லாபமும் இல்லையே! இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

டாக்டர் கீழே இறங்கி வந்து, அண்ணாத்தேயின் வயிற்றைத் தொட்டார். அது பலகையாக இறுகிக் கிடந்தது. எப்போதிருந்து என்று கேட்டார். நேற்றிலிருந்து என்று நான் சொன்னேன். அண்ணாத்தே என் முகத்தைப் பார்த்தார். டாக்டர் தன் தாளைப் புரட்டி, கொழும்பில் இவன் நன்றாக இருந்தானே, நானே பார்த்தேனே என்றார். பிறகு சாரங்கிடம் சொன்னது எனக்குப் புரிந்தது. கொழும்பிலேயே தெரிந்திருந்தால் ஆஸ்பத்திரியில் குடல்வாலை அறுத்து எடுத்திருப்பார்கள், இப்போது உள்ளேயே வெடித்துவிட்டது, இந்த ஆட்டத்தில் கத்தியைக் கையில் எடுக்க முடியாது என்றார். சாரங்கு என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. ஆள் மாறி நின்று ஏமாற்றியது நான்தான் என்று வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. நன்றாக நீட்டத் தெரிந்த நாக்குக்குப் பேச வரவில்லை.

கப்பல் கிழக்கே போகப் போக, இரண்டு நாளில் கடல் அடங்கியது. மேலே பயணிகளுக்கு மகாபலிபுரம் போய்விட்டதே என்று மனக்குறை. அதைத் தீர்க்கக் கப்பல்காரர்கள் சாயங்காலம் மாறுவேஷப் போட்டி வைத்தார்கள். மதராஸுக்கு நாம் போகாவிட்டால் என்ன, மதராஸைக் கப்பலுக்கு வரவழைப்போம் என்று அறிவித்தார்களாம். சாப்பாட்டுக்கூடத்து ஆள் ஒருவன் கீழே வந்து, மதராஸ்காரன் யார், ஒரு துரைக்குச் செம்படவன் வேஷத்துக்குத் தலைப்பாகை கட்டிவிடவேண்டும் என்று கூப்பிட்டான். அண்ணாத்தே என் கையைப் பிடித்திருந்தார். பிடி தளர்ந்துதான் இருந்தது. நான் கையை உருவிக்கொண்டு போனேன்.

துரை சட்டையில்லாமல், உடம்பெல்லாம் ஏதோ கறுப்பு மை பூசி நின்றார். தலைப்பாகையைச் சுற்றிவிட்டேன். வேட்டியை எங்கள் ஆட்கள் இடுப்பில் இறுக்குவதுபோல் இறுக்கிவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது, இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. துரைக்கு முதல் பரிசு கிடைத்தது.

திரும்பி வந்தபோது அண்ணாத்தே கண் திறந்திருந்தது. மேலே கைதட்டும் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கவேண்டும்.

"இன்னா தம்பி, ராயபுரம் வந்திச்சா?" என்றார்.

"வந்துகினு கீது" என்றேன்.

விடிவதற்குள் போய்விட்டார்.

பயணிகள் காலைச் சாப்பாட்டில் இருக்கும்போது, கித்தானில் சுற்றி, கால்மாட்டில் இரும்பு வைத்துத் தைத்து, பின்தளத்திலிருந்து இறக்கினோம். எஞ்சினைச் சில நிமிஷம் மெதுவாக ஓட்டினார்கள். அவர் வாழ்ந்ததெல்லாம் கடலில்தான். ஆனால் எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவது கரைக்குத் திரும்புவதற்காக. கடலிலேயே விட்டுவிடுவதற்கு நாங்கள் யாரையும் கொண்டுபோவதில்லை. அவருடைய சிவப்புத் துண்டைக் கித்தானுக்குள் வைக்கலாமா என்று சாரங்கு கேட்டார். வைக்கவேண்டாம், வீட்டுக்குக் கொடுக்கவேண்டும் என்றேன். உண்மையில் அதைத் தொட எனக்குப் பயமாக இருந்தது.

சீனாவும் ஜப்பானும் சுற்றி நான் ராயபுரம் வந்துசேர ஐந்து மாதம் ஆயிற்று. என் மகள் என்னைப் பார்த்ததும் வீரிட்டு அழுது தன் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்த மூக்கைச் சரியாகப் பார்க்கக்கூட விடவில்லை. அன்றைக்கே அண்ணாத்தேயின் பெட்டியையும் துண்டையும் கப்பல் கம்பெனி கொடுத்த ஒரு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு அண்ணியிடம் போனேன். சாவுச் செய்தி அவருக்கு முன்பே எட்டியிருந்தது. மீன் கூடையோடு சந்தைக்குப் போய்வந்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா எழுதிக்கீது, படி தம்பி" என்றார்.

படித்தேன். கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் டாக்டர் நாக்கும் நாடியும் பார்த்து இவரைப் பரிசோதித்து, உடல்நலம் நன்றாக இருப்பதாகக் கண்டார், அதன்பின் திடீரென நோய் கண்டு கடலில் இறந்தார் என்று இருந்தது. அண்ணி இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார்.

"அப்ப ரொம்ப நாளு நோவுல கெடக்கல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "டாக்டரு பாத்துக்கீறாரு. கூட நீயும் இருந்துக்கீற. எனக்கு அது போதும்."

நான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன்.

மறுபடியும் கப்பலுக்குப் போகவில்லை. துறைமுகத்தில் மூட்டை எண்ணிக்கை பார்க்கும் வேலை கிடைத்தது. ஒவ்வொரு கார்த்திகைக் கடைசியிலும் அண்ணி அண்ணாத்தேக்குப் படையல் போடுவார். அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு, வெற்றிலை பாக்கு, அந்தச் சிவப்புத் துண்டு. புதைத்த இடமும் இல்லை, எரித்த இடமும் இல்லை என்பதால் அந்தக் கடிதத்தையும் பக்கத்தில் வைப்பார். கற்பூரம் ஏற்றுவதற்கு முன் என்னை அதைப் படிக்கச் சொல்வார். சொந்தக்காரர்கள் எல்லோரும் கைகட்டி நின்று கேட்பார்கள். ஆறு வருஷம் படித்தேன். இவரைப் பரிசோதித்து உடல்நலம் நன்றாக இருப்பதாகக் கண்டார் என்ற இடம் வரும்போது ஒவ்வொரு தடவையும் என் நாக்கு வாய்க்குள் தடித்துப்போகும். படித்து முடித்ததும் எனக்குத்தான் முதல் இலைபோட்டுப் பரிமாறுவார்.

ஏழாவது வருஷம், கார்த்திகைக்கு இன்னும் நாள் இருக்கையில், அண்ணியின் தம்பி வயிற்றுவலி என்று படுத்தான். கட்டுமரம் ஓட்டுகிறவன், கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நான் சாயங்காலம் வேலை முடிந்து போனபோது அண்ணி வீட்டு வாசலில் கூட்டம். உள்ளே போனேன். அவன் வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் சுருண்டிருந்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று யாரோ சொன்னார்கள்.

"ஆஸ்பத்திரியும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றார் அண்ணி. "டாக்டருக்கு இன்னா தெரியும்? என் வூட்டுக்காரரை வெள்ளைக்கார டாக்டரு நாக்கை நீட்டச் சொல்லிப் பாத்தாரு. நல்லா கீதுன்னு எழுதியே குடுத்தாரு. அப்பால நாலஞ்சி நாள்ல பூட்டாரு. வேணும்னா இந்தத் தம்பியக் கேளுங்க, அது படிக்கும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவன் பெண்டாட்டியும் பார்த்தாள்.

"டாக்டரு அண்ணாத்தேயைப் பாக்கல, அண்ணி" என்றேன். "அன்னிக்கி நீட்டுனது என் நாக்கு. அவுரு கீழ படுத்துக்கினு இருந்தாரு. இதே வலிதான், இதே பக்கம். பாத்திருந்தா பொழைச்சிருப்பாரு. இவனைத் தூக்குங்க."

யாருக்கும் சட்டென்று புரியவில்லை. அண்ணிக்குப் புரிந்தது. தம்பியின் தலைமாட்டிலிருந்து எழுந்து வழிவிட்டார். நானும் இன்னும் மூன்று பேரும் அவனைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அன்றைக்கே அறுத்தார்கள். பிழைத்துக்கொண்டான். பத்தாம் நாள் நடந்து வீட்டுக்கு வந்தான், பிறகு அவனுக்கு நான்கு பிள்ளைகள்.

அவன் வீடு திரும்பிய மறுநாள் அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. என்னைத் திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தேன். எங்கள் குப்பத்தில் அதற்குக் குறைச்சல் கிடையாது. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்" என்றார். "டாக்டராண்ட சொல்லணும்னு அவுரு கேட்டாரா?"

நான் என் மனைவியைப் பார்த்தேன். அண்ணாத்தே கேட்டதை அவளுக்கும் அதுவரை நான் சொன்னதில்லை. எங்கள் பெண் அவள் பின்னால் நின்றது.

"கேட்டாரு" என்றேன். "நான்தான் வேணாம்னேன்."

"ஏன்?"

"எறங்கி இதைப் பாக்கணும்னு" என்று என் பெண்ணைக் காட்டினேன்.

அண்ணி அவளைப் பார்த்தார். அவள் தலையில் ஒருமுறை கையை வைத்து எடுத்தார். பிறகு இடுப்பில் செருகியிருந்த கடிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். ஆறு வருஷப் படையலில் எண்ணெய் படிந்து அதன் ஓரமெல்லாம் மங்கியிருந்தது.

"இனிமே இது எனக்கு வேணாம்" என்றார். "இதுல எழுதிக்கீறது உன் ஒடம்பு. நீயே வச்சிக்கோ."

அந்த வருஷமும் படையல் போட்டார். எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. அதற்குப் பிறகு தெருவில் எதிரே பார்த்தால் ஒதுங்கிப் போகமாட்டார், நின்று பேசவும் மாட்டார், தம்பி என்று கூப்பிடவும் இல்லை. அண்ணி போயே இப்போது பல வருஷம் ஆகிவிட்டது. கடிதம் என் பெட்டியில் இருக்கிறது. நான் நல்ல உடல்நலத்தோடு இருப்பதாக அதில் எழுதியிருக்கிறது, அப்படித்தான் இருக்கிறேன்.